படைக்காத சோறு

காலை ஆறரைக்கு அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பெரியார் பஸ் நிலையத்துக்கு இருபது ரூபாய். கீழக்குயில்குடியில் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், பிள்ளையை என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். முந்தின நாளே தங்கச்சி செல்வி போனில் எச்சரித்துவிட்டாள். "அண்ணே, கழுத்துல கிடக்குற சிலுவையச் சட்டைக்குள்ள போட்டுக்க. இல்லேன்னா இவுக ஆளுக வேற மாமன உக்கார வச்சிருவாக."

எரிச்சலாக வந்தது. எவன் அதட்டினாலும் கையைக் கட்டி நின்ற குடும்பம் எங்களுடையது. உன்னை உண்டாக்கினவர் மட்டமாக உண்டாக்கவில்லை, நிமிர்ந்து நில் என்று எனக்குச் சொன்னது சபைதான். ஒர்க்‌ஷாப்பில் முதலாளியிடம் இன்று நேராகப் பேசுகிறேன் என்றால் அதனால்தான். இதை எதற்கு ஒளிக்க?

தேனி ரோட்டு பஸ்ஸில் போய் நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கினேன். அங்கிருந்து ஊருக்கு ஆட்டோக்காரர் நூறு கேட்டு எண்பதுக்கு வந்தார். சிலுவையைப் பார்த்துவிட்டு, சமணர் மலை பார்க்கவா என்றார். காதுகுத்துக்கு, நான்தான் மாமன் என்றேன். "சீர் இருக்குல்லண்ணே? வெறுங்கையோட போனா தாமரைக் குளத்துல தள்ளிருவாக." பையில் இருந்த கம்மலையும் புதுத்துணியையும் காட்டினேன்.

எட்டரை மணிக்கு மலையடியில் அய்யனார் கோயில். பெரிய அண்டாவில் கிடாக்கறி கொதித்தது. செல்வி வீட்டுக்காரரின் அண்ணன் திருநீற்றுத் தட்டோடு வந்தார். "வேதக்கார மாப்ள, ஒரு நாள் பூசுனா ஒண்ணும் கொறஞ்சிர மாட்டீக." நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் கத்தவில்லை.

"பூச மாட்டேன் மச்சான். நீங்க பூசுறத வேணாம்னும் சொல்ல மாட்டேன். மடி குடுக்க வந்தேன். வேணாம்னா சீர வச்சிட்டுப் போறேன்."

அவர் கூட்டத்தில் வேறு ஆளைத் தேடினார். அதற்குள் செல்வி பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "ஆசாரி, குத்துங்க" என்றாள். பிள்ளை போட்ட கூச்சலில் மற்றதெல்லாம் அடங்கிவிட்டது.

படையல் முடிந்து பந்தி போட்டார்கள். சாமிக்குப் படைத்ததை நான் சாப்பிடுவதில்லை. பசியோடு கிளம்பினேன். செல்வி தூக்குவாளியோடு பின்னால் வந்தாள்.

"விடியக்காலம் வீட்டுல தனியா ஆக்குன கறிசோறு. படைக்காதது. சாப்பிட்டுப் போ."

"நேத்து ஒளிக்கச் சொன்னியே?"

"சொன்னேன். நீ கேக்கவா போறன்னு இதையும் ஆக்கி வச்சேன்."

குளத்தங்கரையில் உட்கார்ந்து தின்றேன். திருநீறு நீட்டிய மச்சான் வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்து, எங்க கறியவிட இது நல்லா இருக்கும்போல என்றார். ஒரு துண்டு கொடுத்தேன். நின்றபடியே தின்றுவிட்டு, பஸ் ஏறும் இடம் வரை கொண்டுபோய் விட, தன் வண்டியில் ஏறச் சொன்னார்.