சின்ன வீட்டுக்கு ஒரு கடிதம்

அந்த மனிதனை லாரி ஏற்றிக் கொன்றது அம்மாதான். மகளைப் பள்ளியில் சேர்க்கும் விண்ணப்பத்தில், தகப்பனார் என்ற கட்டத்துக்கு நேரே 'காலமானார், லாரி விபத்து' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அந்த நேரத்தில் காலமானவர் நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி, இன்னொருத்தியின் வீட்டில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அம்மாவுக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற எட்டு வயது மகளுக்கும் தெரியும்.

மகள் அந்த லாரியை விடாமல் பிடித்துக்கொண்டாள். யாராவது கேட்டால் வண்டியின் நிறம், அதில் ஏற்றியிருந்த செங்கல், பிரேக் பிடிக்காமல் போனது எல்லாவற்றையும் நேரில் பார்த்தவள் போலச் சொல்வாள். சொல்லச் சொல்ல அவளுக்கு ஒரு குளிர்ச்சி. மூன்று வயதுத் தம்பிக்கும் அவளே பாடம் எடுத்தாள். வீட்டில் அதற்கப்புறம் எந்தத் தாளை நிரப்பினாலும் லாரி வந்து மோதிவிட்டுத்தான் போகும்.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. சீருடை தைக்கும் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். கீழே தையல் பிரிவில் முப்பது பெண்கள் அவளைக் 'கத்தரி' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். நீள மேஜையில் நூறு மடிப்புத் துணியை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து, அளவுத்தாளை மேலே போட்டு, மெஷின் கத்தியை ஓட்டுவாள். மேல்தாளில் ஒரு கோடு பிசகினால் கீழே நூறு சட்டையும் பாழ். பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு கோடும் பிசகவில்லை.

பிசகியது வேறு இடத்தில். கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் அவளுக்கு பிரஷர் இருப்பது தெரிந்தபோது வயது முப்பத்தெட்டு. நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"குடும்பத்துல யாருக்காவது பிரஷர், நெஞ்சு வலி?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. அப்பா லாரில அடிபட்டுப் போனாரு."

நர்ஸ் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு உப்பைக் குறைக்கச் சொன்னாள். ஆனால் அதற்குள் அந்த மனிதன் நிஜமாகவே செத்து எட்டு வருடம் ஆகியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், தூக்கத்திலேயே, மாரடைப்பில். சேதி அவள் காதுக்கும் வந்தது. அன்றைக்கு அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எத்தனை வருடமாக அவள் ஆசை ஆசையாக லாரி ஓட்டியிருக்கிறாள்! இந்த ஆள் கண்ணை மூடிப் படுத்து, வலி தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டான். வீட்டைச் சின்ன வீட்டில் பிறந்த மகளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனான் என்பதையும் சேதி சொன்ன வாயே சொன்னது.

தம்பி பெயின்டர். இந்த வருடம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, ஒரு மாடிப்படியில் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாற்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினார்கள். மறுநாள் வார்டுக்கு வந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். அவன் போர்வையை விலக்கி, குதிகாலுக்கு மேலே விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இந்த எடம் தடிச்சிருக்கே, எப்போலேர்ந்து?"

"ரொம்ப வருஷமா இருக்கு டாக்டர். ஏணி ஏறி ஏறி வந்ததுன்னு நெனச்சேன்."

"இது ஏணி இல்ல, கொழுப்பு. அப்பா இருக்காரா?"

பதிலை அக்காதான் சொன்னாள், பழக்கதோஷம். "இல்ல டாக்டர், லாரில அடிபட்டு..."

கட்டிலிலிருந்து தம்பி தலையைத் திருப்பினான். "அக்கா, இப்பவாவது அந்த லாரிய விடு."

வார்டு வராந்தாவில் வைத்து அவள் உண்மையைச் சொன்னாள். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

"பிரஷருக்கு ஒரே காரணம்னு சொல்ல முடியாதும்மா. பரம்பரைலயே சின்னச் சின்னதா நெறய விஷயம் சேரணும், அது மேல உப்பு, எடை, கவலை. ஆனா உங்க தம்பிக்கு இருக்குற கொலஸ்ட்ரால் அப்படி இல்ல. ஒரே ஒரு மரபணுல கோளாறு இருந்தாப் போதும், பொறந்ததுலேர்ந்தே ஏறிக்கிட்டே இருக்கும். அப்பாகிட்ட இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரைலயே அடக்கியிருக்கலாம்."

கடைசி வாக்கியம் கத்தரிக்கு நேராகப் போய்க் குத்தியது. மேல்தாள் பிசகு, கீழே அத்தனையும் பாழ். அவளுக்குப் புரிய வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பிசகை எட்டு வருடம் முன்பே கண்டுபிடித்திருக்கலாம், அதை மறைத்தவள் அவளேதான் என்பதும் புரிந்தது. அதற்கும் சேர்த்து அந்த மனிதனையே மனசுக்குள் திட்டினாள்.

அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இருந்தது, தம்பியை விட அதிகமாகவே. பிரஷர் மாத்திரையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. டாக்டர் ஒரு கடிதமும் கொடுத்தாள். குடும்பத்தில் ஒருவருக்கு இந்தக் கோளாறு உறுதியாகியிருக்கிறது, ரத்த உறவுகள் உடனே பரிசோதித்துக்கொள்ளவும் என்று அதில் இருந்தது, கீழே அவளுடைய போன் நம்பரும்.

"அந்த வீட்டுப் பொண்ணுக்கும் இதக் குடுத்துடுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

கத்தரி அதைக் கைப்பையில் வைத்தாள், மூன்று வாரம் அங்கேயே இருந்தது. பஸ்ஸில் போகும்போது பையின் மேல் கை வைத்துப் பார்ப்பாள். வீடு உனக்கு, அப்பா உனக்கு, உன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடிய கை உனக்கு. இது மட்டும் என் கையில் இருக்கிறது. நானாகக் கொடுத்தால்தான் உண்டு. அந்த நினைப்பு தித்தித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

"குடுத்துட்டியா?" என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அவளும் ஒரு நாள் படியில உக்காரட்டும். அப்பத் தெரியும்."

"அக்கா, நான் உக்காந்து பாத்தவன். எதிரிக்கும் அது வேண்டாம்."

"உனக்கென்ன, நீ நல்லவன். என்ன அப்படிப் பெத்துப் போடல."

கடைசியில் அவளைக் கிளப்பியது இரக்கம் இல்லை. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அவளுக்குத் திடீரென்று பட்டது: கொடுக்காமல் விட்டால் அவள் எங்கோ விழுவாள், அதை நான் எப்படிப் பார்ப்பேன்? கொடுத்தால் முகம் வெளுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அன்றைக்கே அரை நாள் லீவு சொன்னாள்.

சின்ன வீட்டுப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். சுவரெல்லாம் கண்ணாடி, எங்கே திரும்பினாலும் தன் முகமே தெரிந்தது கத்தரிக்குப் பிடிக்கவில்லை. கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். இருக்கட்டும், நல்லதுதான் என்று நினைத்தாள். கல்லாவில் இருந்தவளுக்கு அந்த மனிதனின் நெற்றி.

"வாங்க, பவர் பாக்கணுமா?"

"பவரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்கப்பனோட மொத மக நான்."

அவள் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்வதா, வெளியே போகச் சொல்வதா என்று தெரியாத நிற்பு.

"பயப்படாத, வீட்டுல பங்கு கேக்க வரல. பங்கு குடுக்க வந்திருக்கேன்." கடிதத்தை மேஜையில் வைத்தாள். "அந்தாளு நெஞ்சு வலில போனான்ல, அது சும்மா வந்ததில்ல. ரத்தத்துலயே இருக்கு. என் தம்பி விழுந்து எழுந்துட்டான். அடுத்து யாருன்னு படிச்சுப் பாரு."

படிக்கப் படிக்க அவள் உதடு வெளுத்தது. கத்தரி எதிர்பார்த்ததை விட நன்றாகவே வெளுத்தது. "எனக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு இருக்கா" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"உனக்கு இருந்தா அவளுக்கும் பாதிக்குப் பாதி."

"உங்களுக்கு? நீங்க பாத்துட்டீங்களா?"

"என்னப் பத்தி உனக்கு எதுக்கு?"

திரும்பி நடந்தபோது கத்தரிக்கு உடம்பு லேசாகியிருந்தது. அன்று வீட்டில் அம்மா பரிமாறியதை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என்ன விசேஷம் என்று அம்மா கேட்டதற்கு, பசி என்றாள்.

பத்து நாள் கழித்து, மேஜையில் நீலத் துணி எண்பதாவது மடிப்பு விழும்போது போன் வந்தது. தெரியாத எண்.

"அக்கா..." என்று ஆரம்பித்தவள் அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். கத்தரி மெஷினை நிறுத்திவிட்டுச் சன்னல் ஓரம் போனாள். அழு, நன்றாக அழு என்று காத்திருந்தாள்.

"எனக்கு இல்லக்கா! ரிசல்ட் வந்துடுச்சு. கொழுப்பும் நார்மல், பிரஷரும் நார்மல். எனக்கு வராததால பொண்ணுக்குப் பாக்கவே வேண்டாமாம். பத்து நாளா நான் தூங்கல. அப்பா போனதுலேர்ந்தே எனக்கும் அப்படித்தான் ஆகும்னு உள்ளுக்குள்ள பயம், யார்கிட்டயும் சொன்னதில்ல. பதினாறு வருஷப் பயம் இன்னிக்குப் போச்சு. நீங்க வரலைன்னா போயிருக்காது."

கத்தரி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதிலும் அவளுக்கே. அவன் எடுத்துக் கொடுத்த மாதிரி, நல்லதெல்லாம் அந்தப் பக்கம், கழிவெல்லாம் இந்தப் பக்கம். செத்து மண்ணோடு போன ஒருவனை இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? லாரி கூட இனி உதவாது.

"அக்கா, இருக்கீங்களா? உங்களுக்கு என்ன ஆச்சு? அதையே நெனச்சுட்டிருந்தேன். உங்களுக்கும் இல்லதானே?"

அவள் குரலில் உண்மையான கவலை இருந்தது. அதைத்தான் கத்தரியால் தாங்க முடியவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பாள். சின்ன வீட்டுப் பெண் தன்னைப் பார்த்துப் பாவம் என்பதற்கு இடம் கொடுப்பதை விட, அந்தப் படியில் தானே உட்கார்ந்துவிடலாம்.

"எனக்கு ஏன் வரப்போகுது? ஒண்ணும் இல்ல."

"அப்பாடா! அப்போ பாவம், அண்ணனுக்கு மட்டும்தான். அண்ணன ஒரு நாள் வந்து பாக்கலாமா?"

"வேலை இருக்கு, வைக்கிறேன்."

துணி விரிக்கும் பெண் மேஜையின் அந்தக் கோடியிலிருந்து, "யாருக்கா, இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"எவளோ. ஒரு நல்ல சேதி சொன்னா."

"நல்ல சேதின்னா முகம் ஏன் இப்படி இருக்கு?"

கத்தரி கைப்பையைத் திறந்தாள். மதிய மாத்திரை இரண்டையும் எடுத்து, யாரும் பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று விழுங்கினாள். பிறகு மெஷினைப் போட்டாள்.