கம்பிக்கு முன் வந்த கயிறு

என் தங்கை பிறந்த வருஷம்தான் எங்கள் மலையில் இரும்புக் கோபுரங்கள் எழும்பின. மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில் எங்கள் வரிசை வீடுகள், லயம் என்போம், இருந்தன. ஆஸ்பத்திரி, கடை, தேயிலை அரைக்கிற ஸ்டோர் எல்லாம் கீழ்க்கணக்கில். இரண்டுக்கும் நடுவே காடு அடைத்த ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் ஆறு, ஆற்றின் மேல் நடந்தால் ஆடுகிற ஒரு மரப்பாலம். எங்கள் கணக்கில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் அந்தப் பாலத்தைத்தான் தாண்ட வேண்டும்.

கோபுரம் கட்ட வந்தவர்களைக் கரண்டுக்காரர்கள் என்று சொல்வோம். லயத்துக்கு மேலே தகரக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு சிங்களவர். எல்லோரும் அவரைப் பாஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். உயரம் குறைவு, வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருக்கும், தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசுவார். அவரிடம் கூலி வேலைக்குச் சேர்ந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நேரத்துக்குப் போய்ப் பழக்கமில்லாத மாமாவைக் கங்காணி எப்போதோ கைகழுவியிருந்தார். கரண்டு வேலையில் சேர்ந்த பிறகு மாமாவின் நடையே மாறிவிட்டது. அவர்கள் கொடுத்த மஞ்சள் தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்ற மாட்டார். சாப்பிடும்போதாவது கழற்று என்று அம்மா சொன்னால், "இது கவர்மெண்டு தொப்பிக்கா, அப்புடியெல்லாம் கழட்டக்கூடாது" என்பார்.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். கோபுரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமா சொன்னதுதான். நான்கு கால்களையும் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாகத் தோண்டி, கொங்கிரீட்டில் நட்டிருக்கிறார்கள் என்றார். அது உண்மைதான், அந்தச் சீமெந்து மூட்டைகளைச் சுமந்து அவர் தோளில் தோல் உரிந்திருந்தது. கோபுரத்தின் இரண்டு பக்கமும் மூன்று மூன்று கைகள் நீட்டிக்கொண்டிருந்தன. பெட்டி பெட்டியாகப் பழுப்பு நிறப் பீங்கான் தட்டுகள் வந்து கொட்டகையில் அடுக்கியிருந்தன. ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்து அவற்றை ஒவ்வொரு கையிலும் தொங்கவிடுவார்களாம். அது எதற்கு என்று கேட்டேன். "சாமிக்குப் படையல் வைக்க" என்று மாமா கூசாமல் சொன்னார். நானும் நம்பினேன்.

பக்கத்தில் நின்ற பாஸ் சிரித்துவிட்டார். "சாமி இல்ல மகள். கரண்டுக்கு எப்பவும் மண்ணுக்குப் போக ஆசை. கம்பியை நேரா இரும்புல கட்டினா, கோபுரம் வழியா மண்ணுக்குப் போயிரும். இந்தத் தட்டு விடாது" என்றார். ஒரு தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். வளையம் வளையமாக மடிப்புகள் இருந்தன. மழை பெய்து மேலே நனைந்தாலும் உள்ளே காய்ந்திருக்குமாம். ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கரண்டு நழுவ முடியாதாம். எல்லாவற்றுக்கும் மேலே, கோபுரத்தின் உச்சியில் தட்டே இல்லாமல் ஒரு மெல்லிய கம்பி போகும் என்றும், இடி விழுந்தால் அதை அந்தக் கம்பி வாங்கி, கால்கள் வழியாக மண்ணில் இறக்கிவிடும், கீழே போகிற கம்பிகளுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். இதை நான் வீட்டில் வந்து சொன்னபோது அம்மா, "வீட்டுக்கு மூத்தது மாதிரின்னு சொல்லு" என்றாள். மாமாவைத் தூக்கி வளர்த்தவள் அம்மாதான்.

கரண்டு ஓடுகிற கம்பி சின்னக் கம்பியல்ல. நடுவில் உருக்கு, அதைச் சுற்றி அலுமினியம் முறுக்கியது. என் பெருவிரலைவிடத் தடிப்பாக இருக்கும். பெரிய மர உருளைகளில் சுற்றி லொறியில் வர வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்ட யாராலும் முடியாது. ஆகவே முதலில் ஒரு கயிற்றைத்தான் கொண்டுபோனார்கள். எங்கள் பக்கத்துக் கோபுரத்தின் கையில் கப்பி ஒன்றைக் கட்டி, அதில் கயிற்றைப் போட்டு, மறுமுனையைத் தோளில் சுமந்தபடி பள்ளத்தில் இறங்கி ஆற்றைத் தாண்டிக் கீழ்க்கணக்குப் பக்கத்து எதிர்மலையில் ஏறினார்கள். அங்கேயும் ஒரு கோபுரம், ஒரு கப்பி. இந்தக் கயிற்றின் வாலில் உருக்கு வடத்தைக் கட்டி இழுப்பார்கள். வடத்தின் வாலில் கம்பியைக் கட்டி இழுப்பார்கள். கயிறு கட்டி முடிந்தது. வடமும் கம்பியும் வர வேண்டிய சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது.

தீபாவளிக்குப் பிந்திய மழை. பகலிலும் லாம்பு கொளுத்த வேண்டிய இருட்டு. எங்கேயோ மண் சரிந்து ரோட்டை மூட, லொறிகள் கீழேயே நின்றுவிட்டன. இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே அந்தக் கயிறு மட்டும் பனிமூட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கரண்டுக்காரர்கள் கொட்டகையில் சும்மா உட்கார்ந்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள்.

அப்படியொரு காலையில் அம்மாவுக்கு வலி எடுத்தது. எங்கள் கணக்கிலேயே குடியிருந்த மருத்துவிச்சி வந்தார். என்னை அத்தை, அப்பாவின் அக்கா, வெளியே கூட்டிவந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார வைத்தார். வெகுநேரம் கழித்து உள்ளே குழந்தை அழுதது. பொம்பளைப்பிள்ளை என்றார்கள். அப்பா சிரித்தார். அதற்குப் பிறகும் உள்ளே போன யாரும் வெளியே வரவில்லை. பிறகு மருத்துவிச்சி மட்டும் வாசலுக்கு வந்து அப்பாவைத் தனியே கூப்பிட்டார்.

"ரத்தம் நிக்க மாட்டேங்குதுங்க. ஊசி இருக்கு, மருந்து இல்ல. போன வாரம் ஒரு புள்ளைக்குப் போட்டதோட தீந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

அப்பா ஓடினார். போன வேகத்திலேயே திரும்பியும் வந்தார். இடுப்புவரை சேறு. பாலத்தை ஆறு கொண்டுபோயிருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அப்பா அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

மாமா தொப்பியை மறந்து வெறும் தலையோடு கொட்டகைக்கு ஓடினார். அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு பின்னால் போனார்.

பாஸிடம் ஒரு பேசும் பெட்டி இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பேசினால் எதிர்மலைக் கொட்டகையில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும். மாமா சொன்னதைக் கேட்டதும் அவர் பெட்டியை எடுத்துச் சிங்களத்தில் வேகமாகப் பேசினார். அங்கேயிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்கே மருந்து கொடுக்கிற மருந்தையாவைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். மருந்து எதிர்மலைக்கு வந்துவிட்டது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் இருந்தது பள்ளம்தான்.

பாஸ் வெளியே வந்து நிமிர்ந்து கயிற்றைப் பார்த்தார்.

அப்புறம் நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. எங்கள் கோபுரத்தில் ஒருவர் ஏறினார். எதிர்மலைக் கோபுரத்திலும் ஒருவர் ஏறுவது பனி விலகியபோது எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தது. அவர் ஒரு பொட்டலத்தை, கப்பியைத் தாண்டிக் கயிற்றோடு சேர்த்துக் கட்டினார். பாஸ் கையைத் தூக்கினார். கரண்டுக்காரர்களும் அப்பாவும் மாமாவும் லயத்து ஆட்களும் வரிசையாகக் கயிற்றைப் பிடித்து இழுக்க, எதிர்ப்பக்கத்தில் மிச்சமிருந்த கயிற்றை அவர்கள் மெதுவாக விட்டுக்கொடுத்தார்கள். பொட்டலம் புறப்பட்டது. காட்டுக்கு மேலே வந்தது. ஆற்றுக்கு மேலே வந்தது. கயிறு தொய்ந்த இடத்தில் ஆடி ஆடி நின்று, மறுபடி ஏறத் தொடங்கியது. எங்கள் பக்கத்துத் தேயிலைச் சரிவுக்கு மேலே அது வந்துவிட்டபோது பெட்டி கரகரத்தது.

பாஸ் கையை இறக்கினார். எல்லோரும் இழுப்பதை நிறுத்தினார்கள்.

"என்னா மாமா?" என்று கேட்டேன். மாமா என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் சொன்னார். "அங்குட்டு கயிறு முடிஞ்சிருச்சாம் மச்சான். வாலு அவங்க கையிலதான் இருக்காம்."

பொட்டலம் கோபுரத்துக்கு வர இன்னும் தூரம் இருந்தது. வாலை விட்டால் கயிறு முழுவதும் பள்ளத்தில் விழும், மறுபடி முதலிலிருந்து தோளில் சுமந்துபோய்க் கட்ட வேண்டும். கரண்டுக்காரர் ஒருவர் பாஸிடம் ஏதோ வாதாடினார். பள்ளத்தைக் காட்டினார், கோபுரத்தைக் காட்டினார், தலையில் கைவைத்தார். பாஸ் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா கயிற்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்ன உடனே எல்லாரும் கயிறோட ஓடணும். நிக்க வேணாம்" என்றார் பாஸ். பிறகு பெட்டியில் ஒரே சொல்தான் சொன்னார். "அத்தரின்ன." விட்டுவிடு என்று அர்த்தம்.

கயிறு வானத்தில் ஒரு தடவை நெளிந்தது. ஆண்கள் எல்லோரும் கயிற்றோடு ரோட்டில் ஓடினார்கள், வழுக்கி விழுந்து எழும்பி ஓடினார்கள். பொட்டலம் ஊஞ்சல்போல் எங்கள் பக்கமாக வீசி வந்து, சரிவுத் தேயிலைக்குள் எங்கேயோ விழுந்து மறைந்தது. பின்னால் காட்டுக்குள் கயிறு விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அடர்ந்த தேயிலைக்குள் ஒரு பொட்டலத்தைத் தேடுவது லேசான காரியமல்ல. ஆண்கள் கண்டபடி புகுந்தார்கள். அத்தைதான் சத்தம் போட்டார். "ஆளாளுக்கு மிதிக்காதீங்க. பொம்பளைங்க நெரை பிடிங்க." கொழுந்து பறிக்கப் போவதுபோல் பெண்கள் ஆளுக்கொரு நிரையாகச் சரிவில் இறங்கினார்கள். அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். கைகள் செடிகளை விலக்கிக்கொண்டே போயின. கொஞ்ச நேரத்தில் லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டுக் காம்பராவில் குடியிருந்த சின்னம்மா, "இந்தாருக்கு" என்றார்.

சாக்கைப் பிரித்தால் ஈரப் புல், புல்லுக்குள் ஒரு பால்மா டின், டின் நிறையப் பஞ்சு. பஞ்சுக்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒன்று உடைந்திருந்தது. மற்றவை முழுசாக இருந்தன. அத்தை டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். அவரால் அப்படி ஓட முடியும் என்று அவருக்கே அதுவரை தெரிந்திருக்காது.

பொழுது சாய்கிற நேரத்தில் அம்மா கண் திறந்தாள். "மூத்தவளுக்குச் சோறு குடுத்தீங்களா?" என்று கேட்டாள். சுவரோரம் நின்றிருந்த அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அப்பா எங்கள் வீட்டுக் கோழியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். பாஸ் அதை வாங்கி, தடவிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டார். "முட்டை போடும் கோழி. முட்டை அம்மாவுக்குக் குடு" என்றார்.

பின்னால் ரோடு திறந்து, வடம் வந்து, கம்பியும் வந்தது. பீங்கான் தட்டுகளின் நுனியில் கம்பிகளைத் தொங்கவிட்டார்கள். காற்றில் அதிர்ந்து இற்றுப்போகாமல் இருக்க, கம்பியில் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளைப் பூட்டினார்கள். மண்டையோட்டுப் படம் போட்ட தகரத்தைக் கோபுரத்தின் காலில் அடித்துவிட்டு வேறு மலைக்குப் போனார்கள். கரண்டு எங்கள் தலைக்கு மேலே இரைந்துகொண்டு எந்தெந்த ஊருக்கோ போயிற்று. எங்கள் காம்பராவில் மண்ணெண்ணெய் லாம்பு இன்னும் பல வருஷம் எரிந்தது. அதற்காக அந்தக் கம்பிகளோடு எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. தங்கைக்குக் கல்யாணம் செய்துவைக்க அம்மா இருந்தாள். என் பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் அம்மா இருந்தாள்.

ஆனால் ரோடு திறப்பதற்கு முன், ஆற்றில் தண்ணீர் கொஞ்சம் வடிந்த ஒரு காலையைத்தான் நான் இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அம்மாவால் இன்னும் நிற்க முடியவில்லை. வாசலில் கொண்டுபோய் உட்காரவைக்கச் சொன்னாள். அப்பாவும் அத்தையும் தூக்கிவந்து சாக்குப் படங்கை விரித்து உட்கார வைத்தார்கள். மடியில் தங்கை. மேலே எங்கள் மலையில் கோபுரம். அதன் கீழே கரண்டுக்காரர்கள் அன்று விழுந்த கயிற்றை இழுத்தெடுத்து, வளையம் வளையமாகத் தோளில் மாட்டிக்கொண்டு, பாஸ் முன்னாலும் மாமா கடைசியிலுமாகப் பள்ளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அட்டை கடிக்காமலிருக்க அவர்கள் கால்களில் சவர்க்காரம், சோப்புத்தான், பூசியிருந்தார்கள். குளிக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். என்னைக் கூட்டிப்போகவில்லை என்று மாமா மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

அம்மா இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டாள்.

அம்மா கும்பிடுவது கோபுரத்தைத்தான் என்று நினைத்து நானும் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டேன். தங்கைக்குத் தலை நிறைய முடி முளைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது கயிறு சுமந்தவர்கள் காட்டுக்குள் இறங்கி மறைந்திருந்தார்கள். அம்மாவின் கைகள் மட்டும் இன்னும் இறங்கவில்லை. கோபுரம் மலை உச்சியில் இருக்கும்போது அம்மா எதற்காகக் கீழே பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.