கடை ஐடியில் நான் வளர்த்த மருத்துவச்சி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பசை தடவிய காலத்தில், வேலை முடிந்ததும் கேமிங் கடைக்குப் போய்விடுவேன். கடைக்காரர் திறந்து கொடுத்த ஐடியில்தான் ஆடினேன். அணி அணியாக மோதும் துப்பாக்கி விளையாட்டு அது. எல்லோரும் சுடுகிற வீரர்களுக்காக அடித்துக்கொள்வார்கள். நான் எடுத்தது அடிபட்டவர்களைத் தேற்றும் மருத்துவச்சியை. அவளுடைய திறமை லெவலைப் படிப்படியாக ஏற்றி, கடைசிப் பட்டத்தையும் வாங்கினேன். பத்தாவது முடிக்காத எனக்கு வேறு பட்டம் ஏது?

ஓசூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால், கடையில் யாரோ ஒரு காலேஜ் மாணவன் அவளை வைத்து ஆடுகிறான். பக்கத்திலேயே கூட்டாளி சாகிறான், இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேல் நான் வாங்கிய பட்டம் மட்டும் மின்னுகிறது.

"இன்னா பாய், அது நான் ஏத்துனது!" என்றேன் கடைக்காரரிடம்.

"ஐடி கடையோடது தோஸ்த். கம்பெனில ஒட்டுன ஷூவ வீட்டுக்கா எடுத்துட்டுப் போன?"

ஷூவுக்காவது கூலி கொடுத்தார்கள். இங்கே நானல்லவா காசு கொடுத்து உழைத்திருக்கிறேன்!

ஆத்திரத்தோடு பக்கத்து மெஷினில் சொந்தமாக ஐடி திறந்து, அதே மருத்துவச்சியை எடுத்தேன். லெவல் ஒன்று. அந்த மாணவன் எட்டிப் பார்த்தான்.

"புதுசா அண்ணா? இவள ஆடறது கஷ்டம். நான் வேணா கத்துத் தரட்டா?"