தணிக்கைக்குப் போன மாமா

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்கு, துவைக்கிற கல்லருகே, அண்ணனின் சட்டைப் பையிலிருந்து பாதி கிழிந்த சினிமா டிக்கெட் ஒன்று வெளியே வந்தது. காலைக் காட்சி என்று முத்திரை. அம்மா ஈரக் கையோடு அதை அப்பாவிடம் கொண்டுபோனாள்.

புதுச்சத்திரத்தில் எங்களுக்குக் கோழிப்பண்ணை. அண்ணன் தினமும் பஸ்ஸில் சேலம் போய்க் கல்லூரியில் படித்தான். எண்பதுகளின் நடுவில், டிக்கெட்டில் பெயர் இருந்த அந்தச் சேலம் தியேட்டரில் காலைக் காட்சி என்றால் மலையாளப் படம்தான். மலையாளப் படம் என்றதும் பெரியவர்கள் குரல் தாழும். "அந்த மாதிரிப் படம்" என்பார்கள். எந்த மாதிரி என்று பத்து வயதுச் சிறுமியான எனக்கு யாரும் சொல்லவில்லை.

அண்ணன் அது சண்டைப் படம் என்று சத்தியம் செய்தான். அம்மா நம்பாமல் அவன் பெட்டி, தலையணை உறை, நோட்டுகள் எல்லாவற்றையும் புரட்டினாள். அப்பா, படிப்பை நிறுத்திப் பண்ணையில் போடுவதாகச் சொல்லிவிட்டார். கடைசியில் அம்மாவின் தம்பி, தானே போய்ப் பார்த்து வருவதாக ஏற்றுக்கொண்டார். முட்டை லாரியில் பாலக்காடு போய்வருகிறவர். அந்தப் பாஷை தெரியும். படம் பார்க்கப் போக வேண்டியிருந்ததற்காக அவர் அதிகம் வருந்தியதாகத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் வந்து தீர்ப்புச் சொன்னார்.

"சுத்தமான படமுங்க மச்சான். நாலு பேரைக் குத்தறான், ஒருத்தன் தலையைக் கல்லுல நசுக்கறான். வேற ஒண்ணுமில்லீங்க."

"பொம்பளைங்க?" என்றார் அப்பா.

"கழுத்து வரைக்கும் போத்திக்கிட்டுத்தான் வாராங்க. ஒரு பாட்டுல மழை பேயுது. அதுலயும் கொடை புடிச்சிருக்காங்க."

அம்மா பெருமூச்சு விட்டாள். அண்ணன் படிப்பு தப்பியது. தலையை நசுக்குவதைவிட மோசமாக மற்றப் படங்களில் என்னதான் செய்வார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அன்று சோற்றுக்கு முன் அண்ணனைக் கதை சொல்லச் சொன்னார்கள். அவன் லுங்கியை மடித்துக் கட்டி, என்னை வில்லனாக நிறுத்தி, என் வலது கையை முதுகுக்குப் பின்னால் திருகினான்.

"அப்படியில்ல மாப்ள, இன்னுங் கொஞ்சம் மேல தூக்கோணும்" என்று மாமா திருத்தினார்.

நான் அலறினேன். நன்றாக நடிக்கிறாள் என்று அப்பா சிரித்தார்.

மணிக்கட்டு எலும்பில் விரிசல். கட்டுப் பிரிக்க இருபத்திரண்டு நாள் ஆனது.