நாலாம் மாடியில் ஒரு சனி முழுக்கு

சென்ற கிழமை எங்கள் கோலியர்ஸ் வுட் வீட்டுக்கு இரண்டு பிளம்பர்கள் வந்து குளியல் தொட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க என் முழங்கால் இப்போது சம்மதிப்பதில்லை. மகள்தான் தொட்டியை எடுத்துவிட்டு ஷவர் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். கழற்றிய தொட்டியை அவர்கள் ஒரு மணித்தியாலம் வீட்டு முன்வளவில் போட்டிருந்தார்கள். தெருவில் போகிற எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் பொதுவாகவே எதற்கும் வெட்கப்படுகிறவள். ஆனாலும் கிட்டப் போய்க் குனிந்தேன். ஈரச் சுண்ணாம்பும் பழைய சவர்க்காரமும் கலந்த மணம் வந்தது. அந்த மணத்துக்குள் நின்று சம்பளம் வாங்கிய காலம் ஒன்று எனக்கு உண்டு.

எண்பதுகளின் கடைசி. நகரத்தின் நடுவே, ஆற்றுக்குக் கிட்ட ஒரு பெரிய ஹோட்டல். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் மகள் இணையத்தில் தேடிப் பார்த்து, நான் சொல்வதில் பாதி பிழை என்று நிரூபித்துவிடுவாள். விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம். முன்பக்கம் முழுக்கத் தூண்களும், சிங்கங்களும், அரைகுறை உடுப்போடு நிற்கும் கல்லுப் பெண்களும். மாடிப்படிச் சுவரில் பிரபுக்களின் படங்கள் வரிசையாகத் தொங்கும். அதில் ஒருவர் அசல் எங்கள் ஊர்ச் சங்கக்கடை மனேச்சர். சீனி முடிந்துவிட்டது என்று சொல்லப்போகிற முகம். அவரைக் கடக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

இவ்வளவு கல்லைக் கொட்டிக் கட்டியவர்கள், ஆரம்பத்தில் ஒரு மாடிக்கு ஒரு குளியலறைதான் வைத்திருந்தார்களாம். எங்கள் மேற்பார்வையாளர் மிஸஸ் டாய்ல் சொல்வார். அவர் ஐரிஷ்காரி. அந்தக் காலத்து ஆங்கிலேயர் குளிக்கமாட்டார்கள் என்று சொல்லக் கிடைக்கும் ஒரு சந்தர்ப்பத்தையும் விடமாட்டார். பிறகு வந்தவர்கள்தான் ஒவ்வோர் அறைக்குள்ளும் சிங்கக் கால் வைத்த ஒரு தொட்டியைத் திணித்தார்கள். அந்தத் தொட்டிகளில் பதினாலை நான் ஒரு நாளைக்குக் கழுவினேன். ஒன்றிலாவது கால் நனைத்ததில்லை.

இருந்த வீட்டிலும் நனைக்க வழியில்லை. டூட்டிங்கில் இவருடைய சின்னம்மாவின் வீடு. இவர் என்றால் என் கணவர். நாங்கள் பதினொரு பேர், ஒரு குளியலறை. கதவில் சின்னம்மா நேர அட்டவணை எழுதி ஒட்டியிருந்தா. நாலாவது ஆளோடு சுடுதண்ணி முடிந்துவிடும். நான் ஒன்பதாவது ஆள். இவர் ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். நான் வேலைக்கு இறங்கும்போது இவர் வந்து ஏறுவார். பாதி நாட்களில் பஸ் தரிப்பில்தான் சந்திப்போம். கலியாணம் செய்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இவர் என்ன நிறச் சட்டைக்கு எந்தக் காற்சட்டை போடுவார் என்று எனக்குத் தெரியும். என்ன யோசிக்கிறார் என்று தெரியாது.

அந்த நேரத்தில்தான் கனடாக் கதை வந்தது. இவருடைய தமையன் டொரன்டோவில் இருந்தார். ஏஜென்ட் ஒருவன் ஆட்களை அமெரிக்கா வழியாக எல்லை கடத்தி விடுகிறான், நீ முதலில் வா, பெண்சாதியைப் பிறகு கூப்பிடலாம் என்று சொல்லியிருந்தார். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பார். அதற்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரிடமும் இதற்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. வாடகைக்கு இருந்த பொடியன்கள்கூட உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அபிப்பிராயம் சொன்னார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதினொரு பேர் நடுவில் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். ஆனால் எனக்குள் ஒரே ஒரு சொல் இருந்தது: போகாதேங்கோ. ஏஜென்டை நம்பிப் போன ஒருவர் பாதி வழியில் எந்த நாட்டில் நிற்கிறார் என்றே தெரியாமல், அவர் மனைவி எங்கள் தெருவிலேயே இருந்தாள். பிறகு கூப்பிடுவது என்றால் எப்போது என்று எனக்கு அவளைப் பார்த்தால் தெரிந்தது.

ஹோட்டல் ஊழியரின் கிறிஸ்மஸ் குலுக்கலில் எனக்கு இரண்டாம் பரிசு விழுந்தது. முதல் பரிசு தொலைக்காட்சிப் பெட்டி. இரண்டாம் பரிசு, அதே ஹோட்டலில் இரண்டு பேருக்கு ஒரு நாள் தங்கல். மீன்காரிக்கு மீனைப் பரிசாகக் கொடுத்த மாதிரி. மற்றப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பூட்டக்கூடிய ஒரு கதவு கிடைத்துவிட்டது. அந்தக் கதவுக்குப் பின்னால் வைத்து அந்தச் சொல்லைச் சொல்லிவிடலாம். தை மாதம், அந்த ஞாயிற்றுக்கு முதல் நாள் சனிக்கிழமைக்கே அறையைக் கேட்டு வாங்கினேன்.

போன அன்று பழக்கதோஷத்தில் நான் பின்பக்கத்து ஊழியர் வாசலுக்கு நடந்துவிட்டேன். இவர் கையைப் பிடித்து முன்வாசலுக்கு இழுத்து வந்தார். உயரத் தொப்பி போட்ட காவலாளி கதவைத் திறந்தான். என்னைத் தெரியும், கண்ணடித்தான். நாலாம் மாடியில் அறை. உள்ளே போனதும் நான் செய்த முதல் வேலை, கட்டிலுக்கு அடியில் தூசி பார்த்தது. இரண்டாவது வேலை, தண்ணி போகிற துவாரத்தில் தலைமயிர் பார்த்தது. படுக்கை விரிப்பின் ஒரு மூலை தளர்ந்திருந்தது. அதை இழுத்துச் செருகினேன்.

"இஞ்சேரும், இண்டைக்கு நீர் விருந்தாளி. பேசாமல் இரும்," என்றார் இவர்.

இருந்தேன். கதிரை நுனியில். இவரும் மற்றக் கதிரையின் நுனியில் இருந்தார். இரண்டு பேருமாகத் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் மூச்சை இழுத்து, "இஞ்சருங்கோ..." என்று தொடங்கினேன்.

கதவு தட்டுப்பட்டது.

சின்னம்மா! பின்னால் அவவின் மகன் குகன், அவனுக்குப் பின்னால் வாடகைப் பொடியன்கள் இரண்டு பேர். ஆளுக்கொரு கடைப் பை. பைக்குள் துவாய், மாற்றுடுப்பு. சின்னம்மாவின் பையில் நல்லெண்ணெய்ப் போத்தலும் சீயாக்காய்த் தூளும். எல்லோர் தலையிலும் வீட்டிலேயே எண்ணெய் வைத்தாகிவிட்டது. நெற்றியால் வழிய வழிய நோர்தேர்ன் லைன் ரயிலில் அரை மணித்தியாலம் வந்திருக்கிறார்கள்.

"சனிக்கிழமையெல்லே பிள்ளை. முழுகி எத்தினை மாசம்! இஞ்சை சுடுதண்ணி முடியாதெண்டு தம்பி சொன்னவன்," என்றா சின்னம்மா.

நான் இவரைப் பார்த்தேன். தம்பி கூரையைப் பார்த்தார். அங்கே சீமெந்தில் திராட்சைக் கொடி செய்து வைத்திருந்தார்கள். மிகவும் அக்கறையாகப் பார்த்தார்.

"சனி ஆம்பிளையளுக்கெல்லோ, பொம்பிளையளுக்கு வெள்ளி," என்றான் குகன்.

"வெள்ளிக்கு இந்த அறை கிடைக்கேல்லை. அம்பாளுக்கு விளங்கும். நீ வழிவிடு." சின்னம்மா முதல் ஆளாக உள்ளே போய்க் கதவைப் பூட்டினா.

நாலு பேரும் முழுகி முடிய மூன்றரை மணித்தியாலம். நீங்கள் சீயாக்காய் போட்டு வெள்ளைத் தொட்டியில் முழுகியிருக்கிறீர்களா? தண்ணி இறங்கியதும் குளத்துக்கு வரம்பு கட்டின மாதிரிப் பச்சையும் மண்ணிறமுமாக ஒரு கோடு நிற்கும். நாளைக்கு இதைக் கழுவப்போகிறவள் என்னோடு வேலை செய்கிறவள். ஆகவே ஒவ்வொரு ஆள் வெளியே வந்ததும் நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனேன். விருந்தாளியாக இருந்த ஒரே நாளிலும் நாலு தொட்டி கழுவினேன். சின்னம்மா ஹோட்டலின் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்து, கனடாக் குளிருக்கு இவர் என்னென்ன உடுப்பு வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தா. இவர் எல்லாவற்றுக்கும் "ஓம் சின்னம்மா" என்றார்.

ஆறு மணிக்கு வெளிக்கிட்டார்கள். படியில் இறங்கும்போது சின்னம்மா திரும்பினா. "மறந்துபோனன் மேனை. ஹவுன்ஸ்லோ மாமாவுக்கும் சொன்னனான். எயார்போட்டிலை வேலை முடிய ஏழு மணிக்கு வருவார். பாவம், மூட்டை தூக்கி நாரி நோகுதாம்."

ஹவுன்ஸ்லோ மாமா சின்னம்மாவின் மூத்த தமையன். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். கதைக்கத் தொடங்கினால் ஏற்றின பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்குவார். அவர் வந்தால் கடைசி ரயில்வரை இருப்பார். விடிந்தால் ஞாயிறு.

கதவின் உட்பக்கக் குமிழில், தட்ட வேண்டாம் என்று சொல்கிற அந்த மட்டை தொங்கியது. வேலை செய்கிறவளுக்கு அதன் பலம் தெரியும். அது வெளியே தொங்கினால் மிஸஸ் டாய்லும் தட்டமாட்டார். நான் அதை எடுத்து வெளிப்பக்கம் மாட்டிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

"என்ன செய்யிறீர்? மாமா வாறாரெல்லே," என்றார் இவர்.

"வரட்டும்."

"அவர் ஊரிலை தபால் கந்தோரிலை இருந்தவர். இங்கிலீஷ் வாசிப்பார்."

"வாசிக்கட்டும்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

ஏழேகாலுக்குத் தட்டுப்பட்டது. "தம்பி..." இரண்டு பேரும் கட்டில் விளிம்பில் அசையாமல் இருந்தோம். "பிள்ளை..." இவர் எழும்பப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினேன். வெளியே ஒரு பை திறபடும் சத்தம். பிறகு, மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார் போல, சொல் சொல்லாக வாசிக்கும் குரல் கேட்டது: "டூ... நொட்... டிஸ்டேர்ப்." ஓர் இருமல். "ஓ... சரி, சரி." காலடி கம்பளத்தில் மெல்லப் போய் மறைந்தது.

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நானும் சிரித்தேன். சிரித்த வேகத்தில், "போகாதேங்கோ," என்றேன்.

"நான் எங்கை போறன்? மாமாவெல்லோ போறார்."

"கனடாவுக்கு."

தலையணை இறங்கியது. "இதை நீர் ஏன் முந்திச் சொல்லேல்லை?"

"எங்கை வைச்சுச் சொல்லுறது? பாத்ரூம் வரிசையிலை நிண்டோ?"

இவர் தலையணையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எனக்கும் பயமாத்தான் கிடக்கு. போகேலாதெண்டு சொன்னா நீர் என்னைக் கோழையெண்டு நினைப்பீரோ எண்டு..." என்றார். ஒரு வருடமாக நான் அறியாத ஆள் அப்போதுதான் அறைக்குள் வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் போனில் இவர் சொன்னது ஒரே வரி: "இல்லை அண்ணை, நான் வரேல்லை." மற்ற ஒன்பது பேரும் சமையலறைக்குள் கத்தினார்கள். ஆர் இவனுக்குச் சொல்லிக்குடுத்தது என்று சின்னம்மா கேட்டா. நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கத்தல் அடங்கப் பின்னேரம் ஹவுன்ஸ்லோ மாமா வந்தார். நான் மறுபடி அடுப்பைத் துடைக்கத் தொடங்கினேன். "எப்பிடி அண்ணை முழுக்கு?" என்று சின்னம்மா கேட்டா. மாமா என்னைப் பார்க்கவேயில்லை. இடுப்புக்குப் பின்னால் நாரியைத் தடவிக்கொண்டு, "ஆ... என்ன தண்ணி! கழுத்துமட்டும் நிரப்பி, ஒரு மணித்தியாலம் படுத்துக் கிடந்தன்," என்றார். "பிள்ளை நல்லாய்க் கவனிச்சவள்."

இப்போது அந்த ஹோட்டல் கைமாறி, உள்ளே எல்லாம் இடித்துக் கட்டிவிட்டார்களாம். டூட்டிங் வீட்டை விற்றாகிவிட்டது. வாடகைப் பொடியன்கள் குட்மேய்ஸில் பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். எல்லோர் வீட்டிலும் ஆளுக்கொரு குளியலறை. வரப்போகிறோம் என்று மூன்று நாளுக்கு முன்னரே செய்தி அனுப்புகிறார்கள், வந்தாலும் தேநீர்கூடக் குடிக்காமல் போகிறார்கள். துவாயோடு வந்து கதவைத் தட்டும் துணிவு ஒருவருக்கும் இல்லை.

மாமா ஐந்து வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். அதுவரை எந்தக் கலியாண வீட்டிலும் அந்த முழுக்கைச் சொல்லாமல் விட்டதில்லை. ஆண்டுக்கு ஆண்டு தொட்டி நீண்டது, குழாய்கள் பித்தளையிலிருந்து பொன்னாகின, கடைசியில் யன்னலால் ஆறும் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை. கேட்டால் அவர் அந்தத் தொட்டியை விட்டு எழும்ப வேண்டி வருமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.