ஆசிட்டில் ஊறிய சங்கிலி

அந்தோணியின் வலது கையில் மூன்று விரல்கள் போனதற்குக் காரணம் நான்தான். அவனல்ல... நான்!

முகம் சுளிக்கிறாயா? சுளித்துக்கொள். உன் காலில் விழ இதை எழுதவில்லை.

கீரமங்கலத்தில் போர்வெல் மோட்டார் மெக்கானிக் நான். அந்தோணி என் கூட்டாளி. அவன் பிள்ளைகளுக்கு நான் பெரியப்பா. ஓர் ஆயுத பூஜைக்கு முதல் நாள், மோட்டார் தூக்கும் சங்கிலி துருவேறிக் கிடந்தது. அன்று அவன் வரவில்லை. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்க்க எனக்குச் சோம்பல். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை வாளியில் ஊற்றி ஊறப்போட்டேன். நுரை பொங்கியது. மாலையில் எடுத்தால்... என்ன பளபளப்பு! பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டேன்.

பூஜை முடிந்த மறுநாள், ஒரு தென்னந்தோப்பில் மோட்டாரைப் பைப்போடு தூக்கி நிறுத்தியிருந்தோம். அந்தோணி குனிந்து, பைப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பை முடுக்கிக்கொண்டிருந்தான். சங்கிலி அறுந்தது. கிளாம்ப்புக்கும் ஆழ்துளைக் குழாயின் வாய்க்கும் நடுவே அவன் கை...

ஆஸ்பத்திரியில் சொன்னான்: "சங்கிலி முறுக்கிக்கிட்டுக் கெடந்துருக்கும்ணே. நாந்தான் பாக்காம மாட்டிட்டேன்."

அப்போது எனக்கும் காரணம் தெரியாது. புதுச் சங்கிலி வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. உடைந்த வளையத்தைக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இழுபடவே இல்ல, பிஸ்கட்டாட்டம் ஒடிஞ்சிருக்கு. ஆசிட்ல போட்டீங்களா? அதுலேர்ந்து ஹைட்ரஜன் கெளம்பி ஸ்டீலுக்குள்ள எறங்கிரும்ங்க. இந்த மாதிரி கெட்டி ஸ்டீலு, பாரத்துல நிக்கிறப்ப பட்டுன்னு போயிரும்."

"இல்லைங்களே" என்றேன். நாக்குக் கூசவில்லை.

ஆசிட்டில் போட்டது தெரியாமல் செய்தது. அதற்கு எவனிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்! ஆனால் தன் கையைத் தானே கெடுத்துக்கொண்டதாக அவன் நம்புகிறானே... அதைத் தெரிந்தே விட்டுவைத்திருக்கிறேன். சொன்னால் விரல் முளைக்குமா? நீ சொல்லியிருப்பாயா? அவன் என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவது நின்றுவிடும்... எனக்கு அது வேண்டும். அவ்வளவுதான்!

இந்த ஆயுத பூஜைக்கும் வந்தான். மண்ணெண்ணெய்த் துணியை இடது கையில் பிடித்துப் புதுச் சங்கிலியைத் தேய்த்தான்.

"ஆசிட்ல போட்டா சுருக்கா போயிரும்லண்ணே?"

"போடாதடா!" கத்திவிட்டேன்.

அவன் கை நின்றது. "ஏண்ணே?"

வாய்வரை வந்தது...

"பூசைக்கு நேரமாச்சு. தேய்" என்றேன்.

தேய்த்தான். ஒரே ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.