பஞ்சக் காட்சியில் ஒரு சிரிப்பு

இப்போதெல்லாம் டிவியைப் போட்டால் பத்தொன்பதாம் நூற்றாண்டுதான். கலெக்டர் துரை குதிரையில் வருகிறார், ஜமீன்தார் மீசையை முறுக்குகிறார், யாரோ ஒரு பெண் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறாள். புத்தகக் கடைக்குப் போனால் அங்கேயும் தலையணை கனத்தில் அதே காலத்து நாவல்கள். எங்கள் வீட்டில் இவர் எல்லாவற்றையும் பார்ப்பார், வாங்குவார், ரசிப்பார். நான் எல்லாவற்றிலும் தப்பு கண்டுபிடிப்பேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். சிவப்புப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேனே தவிர, திருத்துகிற புத்தியைக் கொடுத்துவிட்டு வர முடியவில்லை.

மதியம் சாப்பிட்டதும் மந்தைவெளி வீட்டின் சின்ன ஹாலில் தொடர் ஆரம்பமாகும். ரிமோட் என் கையில்தான் இருக்கும். கதாநாயகி பசியில் மயங்கி விழுவாள், நான் நிறுத்திவிடுவேன்.

"ஏங்க, அந்தப் புருவத்தைப் பாருங்க. பார்லருக்குப் போய் திரெட்டிங் பண்ணிக்கிட்டு வந்து பட்டினி கிடக்கிறாளாம்!"

"அவ சாகப் போறா டீச்சர். கொஞ்ச நேரம் விடேன்."

வீட்டில் அவர் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். கேலியாகத் தொடங்கி, அதுவே பெயராகிவிட்டது.

அப்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். சின்ன வயசில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் காலம் முழுக்க நின்றவர். கடைப் புடவை மொத்தத்தையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "அப்புறம் வர்றோம்" என்று எழுந்து போகிறவர்கள் முன்னால் சிரிக்க முடியாது. அதனால் உதட்டின் இடது ஓரத்தை மட்டும் லேசாக மேலே ஏற்றிச் சிரிக்கப் பழகிவிட்டார். பல் தெரியாது, சத்தம் வராது. எதிரே இருப்பவருக்கு அது சிரிப்பென்றே தெரியாது. எனக்குத் தெரியும்.

என்னைப் போலவே ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்கள் சிலர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். யார் எந்தப் படத்தில் எந்தத் தப்பைப் பிடித்தாலும் அதைப் போட்டோ எடுத்துப் போட்டுவிடுவோம். பழங்காலத்துப் போர்வீரன் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிய வெள்ளைத் தடம், அரண்மனைச் சுவரில் சுவிட்ச் போர்டை மறைக்க மாட்டிய மாலை என்று தினமும் ஏதாவது வரும். கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அந்தக் குழுவில் எனக்குக் கொஞ்சம் மரியாதையும் உண்டு.

இதற்கு நடுவில்தான் இவருக்கு வயிற்றில் அது வந்தது. சாப்பிட்டது தங்கவில்லை. அப்புறம் சாப்பிடவே முடியவில்லை. டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் இவர் பிடிவாதமாக இருந்தார். மெலிந்துவிட்டாரே என்று கேட்பவர்களிடம், "சுகருக்காக டயட்டுல இருக்கேன்" என்று ஒரே பதில்.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில், சினிமாவுக்குத் துணை நடிகர்களை அழைத்துப் போகிற ஏஜென்ட் ஒருவர் குடியிருக்கிறார். கல்யாணக் கூட்டம், ஊர்வலக் கூட்டம் எது வேண்டுமென்றாலும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். ஒருநாள் மாடிப்படியில் இவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா அண்ணாத்த, ஆளே அடையாளம் தெரியல! தாது வருஷப் பஞ்சம்னு ஒரு வெப் சீரிஸ் எடுக்குறாங்கோ. ஒல்லியா ஆள் கேட்டுக்கினே கீறாங்க. நான் கூட்டிக்கினு போற பசங்கல்லாம் பிரியாணி தின்னு தொப்பை வெச்சிக்கினு கீறானுங்க. நீ ஒரு நாள் வாயேன்."

அவருக்கு விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். நானோ படியிலேயே அவரைத் திட்டியிருப்பேன். இவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார்.

"எத்தனை நடிகைக்குப் புடவை எடுத்துக் கொடுத்திருக்கேன் டீச்சர். எல்லாரும் அந்தப் பக்கம். நான் கவுன்டருக்கு இந்தப் பக்கமே நின்னுட்டேன். ஒரு தடவை போய்ட்டு வந்துடறேனே."

நானும் கூட வருவேன் என்று மட்டும் சொன்னேன்.

பெருங்குடிக்கு உள்ளே தள்ளி ஒரு பெரிய காலி மைதானம். அதற்குப் பின்னால் கண்ணாடிக் கம்பெனிக் கட்டடங்கள் வானத்தை முட்டிக்கொண்டு நின்றன. இதைப் போய் எப்படி பஞ்சகாலம் என்று காட்டுவீர்கள் என்று, துணை இயக்குநர் என்று சொல்லிக்கொண்ட ஓர் இளம்பெண்ணைக் கேட்டேன். "அதெல்லாம் கம்ப்யூட்டர்ல அழிச்சிடுவோம் மேடம். எதை வேணும்னாலும் அழிக்கலாம்" என்றாள்.

மேக்கப்காரர் எல்லார் விலாவிலும் பிரஷ்ஷால் பழுப்புக் கோடு இழுத்து எலும்பு வரைந்துகொண்டிருந்தார். இவர் முறை வந்தது, சட்டையைக் கழற்றினார். மேக்கப்காரர் பிரஷ்ஷை எடுத்தவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "ஐயாவுக்கு வேணாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதீங்க ஐயா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன்.

மதியம் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் எல்லாரும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். சாம்பார், வத்தக்குழம்பு, கூட்டு, அப்பளம், பாயசம். இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் கொண்டு போன கஞ்சியில் ஒரு வாய் குடித்தார். அதுவும் தங்கவில்லை. மைதானத்தில் உண்மையாகவே பட்டினி கிடந்தவர் அவர் ஒருவர்தான்.

கடைசிக் காட்சிக்கு ஒரு மாட்டுவண்டியைச் சுற்றிப் பிணங்களாகப் படுக்க வேண்டும். இவரை ஓரமாகப் படுக்க வைத்தார்கள். முகம் நான் நின்ற பக்கம் திரும்பியிருந்தது. அவர் தலைமாட்டைப் பார்த்தேன், எனக்குப் பொறுக்கவில்லை. கொத்தாக ஒரு பார்த்தீனியச் செடி, வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டு நின்றது.

"ஏம்மா, அந்தச் செடியைப் பிடுங்கச் சொல்லு" என்று அந்தப் பெண்ணிடம் ஓடினேன். "அது சுதந்திரத்துக்கு அப்புறம் வெளிநாட்டுக் கோதுமையோட கலந்து வந்தது. தாது வருஷம்னா 1876. அப்போ அது எப்படி முளைக்கும்?"

"மேடம், ரோல் ஆகப் போகுது. தள்ளி நில்லுங்க ப்ளீஸ்."

"ரோல் ஆகட்டும். செடி தப்பு!"

யாரோ என்னை நாகரிகமாக நகர்த்தினார்கள். கேமரா ஓடியது. அப்போதும் ஒரு தடவை, "செடி தப்பு!" என்று கத்தினேன். அந்த ஷாட் முடிந்த நேரத்தில், சொல்லி வைத்தாற்போல் மழை கொட்டியது. கேமராவுக்கு பிளாஸ்டிக் போர்த்துவதற்குள் பிணங்கள் எல்லாம் எழுந்து கூச்சல் போட்டுக்கொண்டு ஓடின. ஏஜென்ட் மட்டும் மழையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"சார், சிரிக்கிற ஷாட்! சிரிக்கிற ஷாட் எடுக்கல சார்!"

சினிமாவில் அது ஒரு வழக்கம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பிணமாக நடித்தவர் அப்படியே எழுந்து போய்விடக்கூடாது. கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிக்க வேண்டும். அப்போதுதான் நடித்த சாவு நடிப்போடு போகும். அன்று மழையில் யாரும் அதைக் கேட்கவில்லை, பேக்கப் ஆகிவிட்டது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இவர் என் தோளில் சாய்ந்திருந்தார். ஏஜென்ட் கத்தியதைப் பற்றி நான் பேச்செடுத்ததும், "நான் சிரிச்சாச்சு டீச்சர். படுத்திருக்கும்போதே" என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

ஏஜென்ட் காரியத்துக்கு வந்து ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போனார். அதற்கப்புறம் நான் படியிறங்கும் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வார். "அவரு சிரிக்காம எந்திரிச்சாரு, நான்தான் கூட்டிக்கினு போனேன்" என்று அவர் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாராம். அவர் மனைவியே என்னிடம் சொன்னாள். வியாதியைப் பற்றி நான் அவளுக்கு விவரமாகச் சொன்னேன். அவரிடமும் போய்ச் சொன்னாளாம். அப்படியும் அவர் மனசு ஆறவில்லை. சடங்குகளில் நம்பிக்கை இல்லாத எனக்கே, இவர் ஒரு தடவை சிரித்துவிட்டு எழுந்திருக்கலாமே என்று சில நாள் தோன்றியது. துக்கம் படிப்பையெல்லாம் பார்த்துக்கொண்டு வருவதில்லை.

தொடர் வெளிவந்தது. ஊரெல்லாம் பேசினார்கள். நான் பார்க்கவில்லை. ரிமோட்டைத் தொட்டே பல நாளாகியிருந்தது.

ஒருநாள் காலை காபியோடு போனைத் திறந்தால் எங்கள் குழுவில், ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றி வந்த ஒரு போட்டோ. மாட்டுவண்டி, சுற்றிலும் பிணங்கள், ஓரத்தில் ஒரு முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மேலே, "பஞ்சத்தில் செத்தும் என்ன சந்தோஷமோ!" என்று எழுதியிருந்தது. கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக இருந்தன. எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள், நல்லவர்கள். இவரை அவர்கள் நேரில் பார்த்ததில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். உதட்டின் இடது ஓரம் மட்டும் லேசாக மேலே ஏறியிருந்தது.

காபி ஆறிப்போனது. டிவியைப் போட்டு அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். கேமரா மெதுவாக நகர்கிறது, ஓரத்தில் அவர் வருகிறார், கண் மூடியிருக்கிறது, உதடு ஏறுகிறது. எப்போது ஏறியது என்பது எனக்குத் தெரியும். செடி தப்பு என்று நான் கத்தினேனே, அப்போது. சாகிற காட்சியிலும் டீச்சர் நிறுத்திவிட்டாள் என்று சிரித்திருக்கிறார். சிரித்தேன் என்று அவர் சொன்னது பொய்யில்லை. அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

இரண்டு நாள் மனசைத் தேற்றிக்கொண்டு, கீழே போய் ஏஜென்ட் வீட்டுக் கதவைத் தட்டினேன். "உங்க அண்ணாத்த சிரிச்சுட்டுத்தான் எழுந்தார். வந்து பாருங்க" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து, சோபாவில் உட்காராமல் டிவி முன்னால் நின்றார். போட்டேன். மாட்டுவண்டி வந்தது. இவர் முகம் வந்தது.

உதடு நேராக இருந்தது.

தள்ளிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், நிறுத்திப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. ஊரே கேலி செய்ததைக் கேட்டுத் திருத்திவிட்டிருக்கிறார்கள். எதை வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னது சரிதான். இப்போது அவர் ஒழுங்காகச் செத்துக் கிடந்தார். தலைமாட்டில் பார்த்தீனியம் மட்டும் அப்படியே பூத்துக்கொண்டு நின்றது.

"பரவால்ல டீச்சரம்மா" என்றார் ஏஜென்ட். நான் அவருக்காகக் கதை கட்டினேன் என்று நினைத்துக்கொண்டார். அவர் வாசல் வரை போய்விட்டார். நான் போனை எடுத்து, குழுவில் மேலே மேலே தள்ளி, அந்தக் கேலிப் போட்டோவைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். சிவப்பு வட்டத்துக்குள் இவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏஜென்ட் வெகுநேரம் பார்த்தார். "சிரிக்கிறாரு" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "மெய்யாலுமே சிரிக்கிறாரு" என்று மறுபடியும் சொன்னார்.

ஏஜென்ட் கீழே போன பிறகு, பல மாதம் கழித்து முதல் தடவையாக அந்தக் குழுவில் ஒரு வரி எழுதினேன்: "இந்தக் காட்சியில் தப்பு, சிரிப்பவர் இல்லை. அவர் தலைமாட்டில் இருக்கும் பார்த்தீனியம். அவர் என் வீட்டுக்காரர்."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.